சர்ப்ளஸ் என்று வரும் பிராண்டட் கைப்பை அசலா, நகலா? வாங்கும் முன் ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருடம் கிறிஸ்துமஸ் நேரத்தில் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் விற்பனை போட்டிருந்தார்கள். வாசலில் பேனர்: ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், இன்டர்நேஷனல் பிராண்டு, 80% வரை தள்ளுபடி’. என் மதினி அங்கே மைக்கேல் கோர்ஸ் என்று எழுத்துப் பதித்த கைப்பை இரண்டு வாங்கி வந்தார். ஒன்று 4,500 ரூபாய். ஒன்று தனக்கு, இன்னொன்று துபாயிலிருந்து லீவுக்கு வந்திருந்த சம்பந்தி வீட்டுப் பெண்ணுக்கு.

அந்தப் பெண் பையை வாங்கினாள், ஜிப்பைத் திறந்து உள்ளே ஒருமுறை பார்த்தாள், “நல்லா இருக்கு அத்தை” என்று சொல்லி ஓரமாக வைத்தாள். அவள் பார்த்த விதத்திலேயே மதினிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒன்பதாயிரம் ரூபாய் போனதைவிட அந்த ஒரு பார்வைதான் மதினியை ரொம்ப நாள் வதைத்தது.

அதற்குப் பிறகு இதை விடாமல் படித்தேன். திருநெல்வேலி டவுனில் வாகையடி முக்குப் பக்கம் பை தைக்கிற அண்ணாச்சி ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். நான் தெரிந்துகொண்டதில் முக்கியமானது இதுதான்: பையைப் பார்ப்பதற்கு முன்னால், அதோடு சேர்ந்து வருகிற கதையைப் பார்க்க வேண்டும். கதை நிற்கவில்லை என்றால் பையைத் தொட்டுப் பார்க்கவே தேவையில்லை.

முதல் படி: அந்தக் கம்பெனிக்கு சர்ப்ளஸ் என்று ஒன்று உண்டா?

நம் ஊரில் ‘சர்ப்ளஸ்’ என்ற வார்த்தைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அதற்குக் காரணம் திருப்பூர். ஆர்டருக்கு மேல் தைத்த பனியன், சின்னக் குறையால் கழிக்கப்பட்ட டி-ஷர்ட், லேபிளை வெட்டிவிட்டு வரும். விலை குறைவு, துணி அசல். முப்பது வருடமாக நாம் போட்டுப் பார்த்த சரக்கு. மதினியும் அதைத்தான் சொன்னார்: “திருப்பூர் பனியன் மாதிரிதான்ட்டி, எக்ஸ்போர்ட்ல மிஞ்சுனதாம்.”

ஆனால் விலையுயர்ந்த தோல் பைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பனியன் ஆயிரக்கணக்கில் ஓடுகிற சரக்கு. பத்து சதவீதம் மிஞ்சினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். டிசைனர் பைக்குத் தோல், பெயர் பதித்த பக்கிள், லேபிள் எல்லாம் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள். நூற்றுக்கணக்கில் மிஞ்சி ஒரு மண்டபத்தை நிறைக்க வழியில்லை.

எனவே பிராண்டு பெயரைக் கேட்டவுடன் அது எந்த வகை என்று பாருங்கள்.

லூயி விட்டோன் தள்ளுபடி விற்பனை போடுவதில்லை. அவர்களுக்கு அவுட்லெட் கடையும் (கம்பெனியே குறைந்த விலைக்கு விற்கும் தனிக் கடை) கிடையாது. ஹெர்மெஸின் பிர்கின், கெல்லி பைகளும் ஷனெலின் கிளாசிக் பைகளும் அப்படித்தான். இந்தப் பெயர்களில் ‘சர்ப்ளஸ், பாதி விலை’ என்று புதுப் பை வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மிஞ்சின சரக்கை இந்த மாதிரிக் கம்பெனிகள் மலிவாக விற்றுப் பெயரைக் கெடுத்துக்கொள்ள விரும்புவதில்லை. எந்த அளவுக்கு என்றால், பர்பெரி ஒரே நிதியாண்டில் (2017-18) 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்தது. அது வெளியே தெரிந்து பெரிய கண்டனம் எழுந்த பிறகு, 2018 செப்டம்பரில் அந்தப் பழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. பிரான்சில் 2020-இல் வந்த சட்டப்படி, விற்காத துணிமணி போன்றவற்றை அழிக்க 2022 முதல் தடை இருக்கிறது. தானம் கொடுக்க வேண்டும், மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ அனுப்ப வேண்டும். அதனால் அவை பாளையங்கோட்டைக்கு வந்துவிடும் என்று அர்த்தம் இல்லை.

அடுத்த வகை குச்சி, பிராடா, பர்பெரி. இவர்களுக்கு வெளிநாட்டில் சொந்த அவுட்லெட் கடைகள் உண்டு. இத்தாலியில் மோன்டேவார்க்கியில் பிராடாவுக்கும், லண்டன் ஹாக்னியில் பர்பெரிக்கும் இருக்கின்றன. போன சீசன் பை அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும். குறைந்த விலை என்றாலும் நம் ரூபாயில் பல பத்தாயிரம்.

மூன்றாவது கோச், மைக்கேல் கோர்ஸ், கேட் ஸ்பேட். இங்கேதான் உண்மையான தள்ளுபடி தாராளமாக இருக்கிறது; அவுட்லெட்டில் பாதி விலை, அதற்கும் கீழே என்பதெல்லாம் சாதாரணம். ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவுட்லெட்டில் இருக்கும் பைகளில் பெரும்பகுதி கடையில் விற்காமல் மிஞ்சியவை அல்ல, அவுட்லெட்டுக்கென்றே தனியாகச் செய்தவை. கோச் அவுட்லெட் பைகளின் மாடல் எண் நெடுங்காலம் எஃப் எழுத்தில் தொடங்கியது அதனால்தான். இவை அசல்தான், நகல் இல்லை. ஆனால் தோல் கொஞ்சம் சாதாரணமாக, உள்வேலை கொஞ்சம் எளிமையாக இருக்கும். அட்டையில் போட்டிருக்கும் ‘பழைய விலை’க்கு அந்தப் பை ஒரு நாளும் விற்றிருக்காது. ஆகவே 70% தள்ளுபடி என்பதை மதிப்பாக நினைக்காமல், கையில் கொடுக்கும் பணத்துக்கு அந்தப் பை ஆகுமா என்று மட்டும் பாருங்கள்.

நம் நாட்டு பிராண்டுகள் நான்காவது. 1978-இல் புதுச்சேரியில் தொடங்கிய ஹைடிசைன், டா மிலானோ, பேகிட், லேவி. இவர்களே அடிக்கடி தள்ளுபடி போடுகிறார்கள், அவர்களின் சொந்தக் கடையிலும் சொந்தத் தளத்திலும். அங்கே சந்தேகத்துக்கே இடமில்லை.

இரண்டாம் படி: பை எந்த வழியாக வந்தது?

நம் பக்கத்தில் மூன்று கதைகள் திரும்பத் திரும்ப வரும்.

ஒன்று, “தூத்துக்குடி ஹார்பர்ல கஸ்டம்ஸ் ஏலத்துல எடுத்தது”. சுங்கத்துறை ஏலம் விடுவது உண்மை. ஆனால் ஏலம் எடுத்தவரிடம் அதற்கான காகிதம் இருக்கும், காட்டச் சொல்லுங்கள். போலி பிராண்டு சரக்கு பிடிபட்டால், 2007-ஆம் வருட அறிவுசார் சொத்துரிமை இறக்குமதி விதிகளின்படி அதை அழிப்பார்கள் அல்லது சாதாரண வணிக வழிக்கு வராதபடி அகற்றுவார்கள். ‘பிடிபட்ட பிராண்டட் பை ஏலத்தில் வந்தது’ என்ற கதை அங்கேயே தட்டும்.

இரண்டாவது, “துபாய்ல இருந்து தம்பி கொண்டுவந்தது”. கடையநல்லூர், மேலப்பாளையம், வள்ளியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள் நம்முடையவை. அதனால் இந்தக் கதையை உடனே நம்பிவிடுகிறோம். துபாயில் அசல் கடையும் இருக்கிறது, நகல் பைகளுக்கென்றே ஆள் தேடிப் போகும் கராமா பகுதியும் இருக்கிறது. எந்தக் கடை, எந்த ரசீது என்று கேட்டால்தான் தெரியும்.

மூன்றாவது, “பிராண்டுக்குத் தைக்கிற அதே ஃபேக்டரியில பின்வாசல் வழியா எடுத்தது”. ஆம்பூர், ராணிப்பேட்டை, சென்னைப் பக்கம் தோல் தொழில் இருப்பதால் இதுவும் நம்பும்படி இருக்கும். அப்படியே உண்மையாக இருந்தாலும், கம்பெனியின் அனுமதி இல்லாமல் வெளியே வந்த பை திருட்டுச் சரக்குதான். அதற்கு ரசீதும் கிடையாது, வாரண்டியும் கிடையாது.

விலையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வெளிநாட்டு அவுட்லெட் விலை, அனுப்பும் கூலி, சுங்க வரி, ஜிஎஸ்டி, விற்பவரின் லாபம் இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஒரு பை 2,000 ரூபாய்க்கு வர முடியாது.

மூன்றாம் படி: விற்பவரிடம் கேட்க வேண்டியவை

வாட்ஸ்அப் குழுவில் வாங்கினாலும் சரி, நேரில் வாங்கினாலும் சரி, முதலில் அவர்கள் பேசும் சொற்களைக் கவனியுங்கள். ‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘மாஸ்டர் காப்பி’, ‘மிரர்’, ‘செவன் ஏ’ எல்லாம் நகலின் தரத்துக்கு வைத்த பெயர்கள். நிறையப் பேர் ஃபர்ஸ்ட் காப்பி என்றால் அசலில் முதல் தரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது நகல் என்று அவர்களே ஒப்புக்கொள்ளும் வார்த்தை. ‘ஒரிஜினல் குவாலிட்டி’ என்பதையும் நிதானமாகப் படியுங்கள். ஒரிஜினல் என்று எழுத முடியாததால்தான் கூடவே குவாலிட்டி வருகிறது.

அப்புறம் பில். ஜிஎஸ்டி எண் போட்ட பில் தருவார்களா என்று கேளுங்கள். அதில் எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 15 இருக்கும். தமிழ்நாட்டில் பதிவு செய்ததென்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் பெயர் வரும். பேனரில் இருக்கும் பெயரும் அதுவும் ஒத்துப் போக வேண்டும். பில்லில் ‘லேடீஸ் பேக் - 1’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். பிராண்டு பெயரும் மாடல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். நகல் விற்பவர் இந்த ஒரு இடத்தில்தான் தயங்குவார், ஏனென்றால் அந்த வரி பின்னால் அவருக்கு எதிரான சாட்சி.

இறக்குமதியாகி இங்கே கடையில் பாக்கெட்டாக விற்கும் பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதம், வருடம், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். 2011-ஆம் வருடப் பொட்டலப் பொருள் விதி அது. டாலர் விலை அட்டை மட்டும் தொங்கி, இந்த ஸ்டிக்கர் இல்லை என்றால், முறையாக இறக்குமதியான சரக்கு இல்லை.

ஆன்லைனில் என்றால் அன்றைய தினத்தந்தியைப் பைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பை உண்மையில் அவர்கள் கையில் இருக்கிறதா, எங்கிருந்தோ எடுத்த படமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

நான்காம் படி: கையில் எடுத்துப் பார்ப்பது

பத்தமடைப் பாய் வாங்கப் போனால் நம் ஆச்சிமார் முதலில் அதைப் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பார்கள். பைக்கும் அதே வழிதான். வாகையடி முக்கு அண்ணாச்சியிடம் மதினியின் பையைக் கொடுத்தபோது அவர் மேலே இருந்த எழுத்தைப் பார்க்கவே இல்லை. ஸ்டூலை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டார், ஜிப்பை முழுக்கத் திறந்தார், உள்துணியை வெளியே இழுத்துவிட்டார். “மேல எல்லாம் மினுக்கத்தான் செய்யும், உள்ள பாருங்கம்மா” என்றார். உள்துணி ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. மூலையில் பசை காய்ந்து மஞ்சளாகக் கட்டியிருந்தது.

அடுத்து ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை கைப்பிடியின் மேல் வைத்தார். ஒரு அங்குலத்துக்குள் எத்தனை தையல் என்று எண்ணச் சொன்னார். இடது பக்கம் எட்டு. வலது பக்கம் ஆறரை. அதுதான் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம்: எத்தனை தையல் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும், ஆனால் ஒரே பையின் இரண்டு பக்கமும் மாறக் கூடாது. கைப்பிடி பையோடு சேரும் நான்கு இடங்களையும் இப்படி எண்ணிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அதே கைப்பிடியில் தோலின் வெட்டு ஓரத்தில் பூசியிருக்கும் பெயிண்டைப் பாருங்கள். நல்ல வேலையில் அது வழுவழுப்பாக, ஒரே கனத்தில் இருக்கும். மெதுவாக வளைத்தால் விரியாது. மதினியின் பையில் மூன்று மாதத்திலேயே அது ரப்பர் மாதிரி உரிந்து வந்தது. பக்கிளும் வளையமும் கையில் கனக்க வேண்டும். ஓரத்தில் அச்சில் வார்த்த கோடு துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. பதித்த எழுத்துகளின் இடைவெளியை, கம்பெனியின் தளத்தில் அதே மாடலின் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஜிப்பில் ஒய்கேகே (பெரிய ஜிப் கம்பெனி ஒன்றின் பெயர்) என்று இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நகலிலும் அது இருக்கும்.

வாசனை உதவும், ஆனால் ஓரளவுதான். கூர்மையான பசை நெடியும் பிளாஸ்டிக் நெடியும் அடித்தால் சந்தேகப்படுங்கள். நெருப்பு வைத்துப் பார்ப்பது, ஊசியால் கீறுவது எதுவும் வேண்டாம்; திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் அதோடு இழப்பீர்கள்.

நம் ஆட்கள் அசலையே நகல் என்று ஒதுக்கும் இடங்களும் உண்டு. லூயி விட்டோனின் பழுப்பு நிற மோனோகிராம் (எல்வி எழுத்தும் பூவும் நிறைந்த டிசைன்) பை தோல் இல்லை, மேலே பூச்சு கொடுத்த கேன்வாஸ் துணி. ‘லெதர் இல்லையே, அப்ப டூப்ளிகேட்’ என்று சொல்வது தவறு. அந்த மோனோகிராமே 1896-இல் நகல்காரர்களைத் தடுப்பதற்காகத்தான் உருவாக்கப்பட்டது என்பதைப் படித்தபோது எனக்கு மனதுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. இன்று உலகத்தில் அதிகமாக நகலாகும் டிசைன்களில் ஒன்று அதுதான். அவர்களின் ஸ்பீடி மாடலில் ஒரு பக்கம் எழுத்து தலைகீழாக இருக்கும். ஒரே துண்டுத் துணியை அடிப்பக்கமாகச் சுற்றி எடுப்பதால் அப்படி வருகிறது; குறை இல்லை. கைப்பிடித் தோல் பதப்படுத்தும்போது பூச்சு எதுவும் கொடுக்காதது. புதிதில் வெளிர் நிறம், வெயிலும் வியர்வையும் பட்டுப் பட்டுத் தேன் நிறமாக மாறும். நம் ஊர் வெயிலுக்கு அது சீக்கிரமே மாறும். பல வருடம் பயன்படுத்திய பை என்று சொல்லி, கைப்பிடி மட்டும் வெள்ளையாக, பிளாஸ்டிக் மாதிரி பளபளவென்று இருந்தால் காரணம் கேளுங்கள்.

ஐந்தாம் படி: எண்கள், சிப், கார்டு

பழைய பை என்று சொல்லி விற்கும்போது இது உதவும். லூயி விட்டோன் பைகளுக்குள் இரண்டு எழுத்தும் நான்கு எண்ணும் பதித்திருப்பார்கள். 2007 முதல் அதன் முதலாவது, மூன்றாவது எண்கள் வாரத்தையும், இரண்டாவது, நான்காவது எண்கள் வருடத்தையும் குறிக்கும். எஸ்டி 4128 என்றால் 2018-ஆம் வருடத்தின் 42-ஆவது வாரம். எஸ்டி 6128 என்றால்? 62-ஆவது வாரம் என்று ஒன்று இல்லவே இல்லை. எழுத்துகள் தொழிற்கூடத்தைக் குறிப்பவை.  அந்தத் தொழிற்கூடம் இருக்கும் நாடும், பக்கத்தில் ‘மேட் இன்’ என்று போட்டிருக்கும் நாடும் ஒத்துப் போக வேண்டும்.

2021 மார்ச் முதல் இந்த எண்ணை நிறுத்திவிட்டு பைக்குள் சிப் வைக்கிறார்கள். 2023-இல் வாங்கியது என்று சொல்லும் பையில் பழைய மாதிரி எண் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஷனெலும் 2021-இல் ஸ்டிக்கர், கார்டு முறையை விட்டுவிட்டு, சிப் வைத்த சின்ன உலோகத் தகடுக்கு மாறிவிட்டது.

எண் சரியாக இருப்பதால் மட்டும் பை அசல் ஆகிவிடாது. சரியான எண்ணையும் நகலெடுக்கலாம். தவறான எண் நகலைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான் அதன் பயன். ‘ஆதென்டிசிட்டி கார்டு’ அதைவிட மோசம். அச்சகத்தில் ஒரு மணி நேரத்தில் அடித்துவிடலாம். லூயி விட்டோன் அப்படி ஒரு கார்டு கொடுப்பதே இல்லை.

பெரிய தொகை கொடுக்கப் போகிறீர்கள் என்றால், என்ட்ரூபி மாதிரி நுண்ணோக்கிப் படங்களை வைத்துச் சோதித்துச் சான்று தரும் சேவைகள் உண்டு. பழைய டிசைனர் பை விற்கும் நம்பகமான கடைகள் இப்படி ஒரு சான்றோடுதான் விற்கும். வாங்கும் முன் அதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஆறாம் படி: பணம் கொடுப்பது

யாரோ ஒருவரின் சொந்த நம்பருக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டி ஜிபே செய்யாதீர்கள். திறந்து பார்த்த பிறகு பணம் கொடுக்கும் வசதி இருந்தால் அதை எடுங்கள். பார்சலைப் பிரிப்பதற்கு முன்பிருந்தே வீடியோ எடுங்கள், முகவரிச் சீட்டு தெரியும்படி. பேசிய வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஏமாந்துவிட்டால்

முதலில் விற்பவருக்கு எழுத்தில் கேளுங்கள், போனில் சண்டை போட்டு விட்டுவிடாதீர்கள். அதற்குப் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தை வாங்கிக்கொண்டு பையே அனுப்பாமல் மறைந்துவிட்டார்கள் என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930, அதுவும் அன்றைக்கே.

நகலை அசல் என்று விற்பது 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நம் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மதினியின் விஷயத்தில் கையில் இருந்தது தேதியும் பெயரும் இல்லாத ஒரு துண்டுச் சீட்டு மட்டும். மண்டபத்தில் கேட்டால், வாடகைக்கு எடுத்தவரின் போன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அதனால்தான் பில்லைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னேன்.

வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் பை விற்கும் நம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. சூரத், டெல்லி மொத்த வியாபாரியிடமிருந்து வரும் படத்தை ‘சர்ப்ளஸ் பிராண்டட்’ என்று அப்படியே முன்னால் அனுப்புகிறீர்கள். 1999-ஆம் வருட வணிகச் சின்னச் சட்டத்தின் 104-ஆம் பிரிவின்படி போலிச் சின்னம் போட்ட பொருளை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நியாயமான எச்சரிக்கையோடுதான் வாங்கினேன், நல்ல நம்பிக்கையில்தான் விற்றேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். ஒரு பைக்கு இருநூறு ரூபாய் கமிஷனுக்காக அந்தப் பாரத்தை ஏற்காதீர்கள். பெயர் போடாத நல்ல பைகளை விற்கலாம், வாங்கவும் ஆள் இருக்கிறது.

மதினி கடைசியில் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு, “நான் ஏமாந்துட்டேன், தெரிஞ்சு குடுக்கல” என்று நேராகவே சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார். தன் பையை மட்டும் தூக்கிப்போட மனமில்லை. என்னோடு வாகையடி முக்குக்கு வந்து, கைப்பிடியை மாற்றச் சொன்னார். அண்ணாச்சி விலை சொல்லி முடித்த பிறகு, “அந்தப் பேரையும் கழட்டிருங்க அண்ணாச்சி” என்றார். எழுத்தைக் கழற்றிய இடத்தில் இரண்டு ஓட்டை இருந்தது. அண்ணாச்சி அதன் மேல் ஒரு சின்னத் தோல் துண்டை வைத்து, அங்குலத்துக்கு எட்டுத் தையல் போட்டுக் கொடுத்தார். மதினி இப்போது பாளை மார்க்கெட்டுக்கு அந்தப் பையோடுதான் போகிறார்.